யாராலும் யூகிக்க முடியாத எழுத்துக்கள்!

பண்டிகை நெருங்கினால் போதும். கடைகளில் இருந்து செல்போனுக்குச் செய்தி வருகிறது. சேலையோ, சட்டையோ, செருப்போ எதை வாங்கினாலும் விலையில் தள்ளுபடி உண்டு. கீழே உள்ள எட்டு எழுத்தைச் சொன்னால் போதும் என்று அதில் கண்டிருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்து, அர்த்தமே இல்லாமல், குழந்தை கிறுக்கியதுபோல் இருக்கின்றன அந்த எட்டு எழுத்துக்கள்.

ஏன் இப்படி? 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுத்தால் என்ன?

கொடுத்தால் கடைக்குத் திவால்தான்! 57-ம் எண் கிடைத்தவர், அடுத்தது 58 என்று யூகித்துவிடுவார். ஊரில் உள்ள எல்லோருடைய தள்ளுபடியையும் அவர் ஒருவரே அனுபவித்துவிடுவார். ஆகவே ஒருவருக்குக் கொடுத்த எழுத்துக்கள் இன்னொருவருக்கு வரக்கூடாது. எவராலும் யூகிக்கவும் முடியக்கூடாது.

இந்த எழுத்துக்களை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதுவது இல்லை. கடையின் கம்ப்யூட்டரே எழுதுகிறது. மனிதன் யோசித்து எழுதினால் இன்னொரு மனிதன் யூகித்துவிடுவான் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. அந்த அனுபவம் கடைத்தெருவில் கிடைத்தது அல்ல. இரண்டாம் உலகப்போரில் கிடைத்தது.

எதிரி யோசித்து எழுதிய எழுத்துக்களை யூகித்துப் பிடித்தவர்களில் தலைசிறந்தவர் ஆலன் டூரிங். பிறகு, யாராலும் யூகிக்க முடியாத எண்ணை எந்திரத்தைக்கொண்டே உண்டாக்கிக் காட்டியவரும் அவர்தான்.

அந்த மேதையைப் பெற்றெடுத்த தாய் பிறந்த ஊர், கோவையை அடுத்த போத்தனூர்!

தெருவிளக்கின் எண்

டூரிங்கின் தாய்வழித் தாத்தா பெயர் எட்வர்டு ஸ்டோனி. மெட்ராஸ் ரெயில்வேயில் தலைமை என்ஜினீயராக இருந்தவர். மின்சார விசிறி பரவாத காலம் அது. கூரையில் தொங்கும் பங்காவைக் கயிற்றால் இழுத்துத்தான் காற்று வாங்கினார்கள். இழுக்கும்போது சத்தம் போடாத பங்கா சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து, தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கினார் ஸ்டோனி. அவருடைய மகள் சாரா, 1881-ல் போத்தனூரில் பிறந்தார்.

ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. 1907-ல் தாய்நாடு திரும்பும் கப்பலில் இருவரும் சந்தித்தார்கள். அந்த ஆண்டிலேயே திருமணம் நடந்தது. மூத்த மகன் ஜான் குன்னூரில் பிறந்தான். இரண்டாவது குழந்தை கருவானபோது தம்பதிகள் சத்ரபூரில் இருந்தார்கள். இன்று ஒடிசாவில் உள்ள அந்த ஊர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பிரசவம் லண்டனில் நடந்தது. 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி ஆலன் பிறந்தான்.

தகப்பனாருக்கு வேலை இந்தியாவில். வெயிலும் நோயும் குழந்தைகளைப் பாதிக்கும் என்று பெற்றோர் பயந்தார்கள். கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் குடும்பத்தில் இரு பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். பெற்றோர் ஒரு கண்டத்திலும் பிள்ளைகள் ஒரு கண்டத்திலுமாக வருடங்கள் ஓடின. அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகளின் வீடுகளில் இது சகஜம். ஆனால் பிள்ளை மனம் அதைச் சகஜம் என்று ஏற்றுக்கொள்ளுமா?

ஆலன் மூன்றே வாரத்தில் தானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். அதைவிட எண்கள் மீது அவனுக்கு மோகம். தெருவில் அழைத்துக்கொண்டு போனால், ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் அடியிலும் நின்றுவிடுவான். அதில் போட்டிருக்கும் எண்ணைப் படித்த பிறகே நகருவான். கூட வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

1926-ல் ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பள்ளி திறக்கும் சமயத்தில் நாடு முழுவதும் வேலைநிறுத்தம். ரெயில் ஓடவில்லை. 13 வயது ஆலன், துறைமுகத்தில் இருந்து சைக்கிளை மிதித்தான். சுமார் 60 மைல் தூரம்! வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கினான்.

அங்கே அவனுக்குக் கிடைத்த ஒரே உயிர்த்தோழன் கிறிஸ்டோபர் மார்க்கம். கணக்கும் விண்மீனும் விஞ்ஞானமும்தான் இருவருக்கும் பேச்சு. 1930 பிப்ரவரியில் மார்க்கம் காசநோயால் இறந்துபோனான். அந்தத் துயரம் ஆலனை நெடுங்காலம் விடவில்லை.

காகித நாடா எந்திரம்

1931-ல் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 22-வது வயதில் அதே கல்லூரியின் ஆராய்ச்சியாளர் குழுவில் இடம் கிடைத்தது.

1936-ல் அவர் எழுதிய கணிதக் கட்டுரை, உலகத்தையே மாற்றப்போகும் கட்டுரை. முடிவே இல்லாத ஒரு காகித நாடா. அதில் கட்டம் கட்டமாகக் கோடு. ஒவ்வொரு கட்டத்தையும் படித்து, எழுதி, அழித்து, நகரும் ஓர் எந்திரம். இப்படி ஓர் எந்திரத்தை மனதிலேயே படைத்தார் டூரிங். என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகளையும் அந்த நாடாவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரே எந்திரம் எந்த வேலையையும் செய்யும் என்று காட்டினார். இன்று கைக்குக் கை செல்போனாகத் திரிவது அந்தக் கற்பனை எந்திரத்தின் வாரிசுதான்.

அதே ஆண்டில் அமெரிக்காவுக்குப் போய் பிரின்ஸ்டனில் படித்தார். ஜெர்மனியுடன் யுத்தம் வரலாம் என்ற பேச்சு அடிபட்டது. ரகசியச் செய்தியை எண்ணாக மாற்றி, அதை வேறு ஒரு பெரிய ரகசிய எண்ணால் பெருக்கி அனுப்பினால் எதிரிக்குப் புரியாதே என்று டூரிங் நினைத்தார். அதற்காகத் தன் கையாலேயே ஒரு மின்சாரப் பெருக்கல் எந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். அவர் கணித ஆராய்ச்சியாளர். பட்டறையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

1938-ல் டாக்டர் பட்டத்துடன் இங்கிலாந்து திரும்பினார். 1939 செப்டம்பர் 3-ந்தேதி போர் மூண்டது. மறுநாளே, பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகையில் வேலைக்கு வந்து சேர்ந்தார். வெளியே இருந்து பார்த்தால் அது ஒரு நாட்டுப்புறப் பங்களா. உள்ளேயோ, எதிரியின் ரகசியச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் கூடம்!

எனிக்மா என்னும் புதிர்ப்பெட்டி

ஜெர்மானியர்கள் வைத்திருந்த எந்திரத்தின் பெயர் எனிக்மா. பார்ப்பதற்கு டைப்ரைட்டர் போல இருக்கும். ஓர் எழுத்தை அழுத்தினால் வேறு ஓர் எழுத்துக்கு உரிய விளக்கு எரியும். உள்ளே பல்சக்கரங்கள் சுழலும். ஒவ்வொரு எழுத்தை அழுத்தும்போதும் சக்கரம் நகர்வதால், அதே எழுத்தை மறுபடி அழுத்தினால் வேறு விளக்கு எரியும்.

சக்கரங்களை எந்த வரிசையில் மாட்டுவது, எங்கே நிறுத்துவது, முன்புறம் உள்ள கம்பிகளை எப்படிச் செருகுவது என்பதை தினமும் மாற்றினார்கள். கம்பி செருகும் முறை மட்டுமே சுமார் 150 லட்சம் கோடி. எல்லாவற்றையும் சேர்த்தால் 159-க்குப் பிறகு 18 பூஜ்யம் போட வேண்டும். இவ்வளவு வழிகளையும் ஒவ்வொன்றாக எவன் சோதித்துப் பார்க்க முடியும் என்று ஜெர்மானியர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த நிம்மதியை முதலில் குலைத்தவர்கள் போலந்து நாட்டு இளைஞர்கள். ரெஜெவ்ஸ்கி என்ற கணித மேதை 1932-லேயே எனிக்மாவின் உள் அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டார். போர் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1939 ஜூலையில், போலந்து தனக்குத் தெரிந்த அத்தனையையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் வாரிக் கொடுத்தது. டூரிங்கின் வெற்றிக்கு அஸ்திவாரம் அவர்கள் போட்டது. இதை மறைப்பது நியாயம் அல்ல.

ஹிட் என்றால் லர்!

எந்திரம் உறுதியானதுதான். ஆனால் அதை இயக்கியவன் மனிதன்.

ராணுவத்திலும் விமானப்படையிலும் ஒவ்வொரு செய்திக்கும் இயக்குபவன் இரண்டு முறை மும்மூன்று எழுத்தைத் தானாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் மூன்று எழுத்து வெளிப்படையாகப் போகும். அடுத்த மூன்று எழுத்து ரகசியம்; அதுதான் செய்தியைத் திறக்கும் சாவி. மனம் போன போக்கில், அர்த்தம் இல்லாத எழுத்துக்களாக எடுக்க வேண்டும் என்பது விதி.

17 ஆயிரத்து 576 விதமாக அந்த மூன்று எழுத்தை எடுக்கலாம். ஆனால் என்ன நடந்தது?

களைத்துப்போன சிப்பாய், தட்டுப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மூன்று எழுத்தைத் தட்டினான். வேறு ஒருவன் காதலியின் பெயரைச் சுருக்கிப் போட்டான். அதையே தினமும் போட்டான்! இன்னொருவன் முதலில் ஹிட் என்று மூன்று ஆங்கில எழுத்துக்களை வெளிப்படையாக அனுப்பினான். ரகசியமான அடுத்த மூன்று எழுத்து என்னவாக இருக்கும்? லர்தான்! பெர் என்று வந்தால் லின். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு எதற்கு? சிறு பிள்ளையே சொல்லிவிடும்.

159-க்குப் பிறகு 18 பூஜ்யம் கொண்ட கோட்டைக்கு, காவல்காரனே சுவரில் ஓட்டை போட்டுக் கொடுத்தான். சோம்பலால் அல்ல, மனித மனதின் இயற்கையால். அர்த்தம் இல்லாமல் யோசி என்றால், எவருக்கும் அர்த்தம் உள்ளதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இதுபோன்ற தவறுகள் நின்றுபோனாலும் செய்தியைப் படிக்க வழி வேண்டும் என்று டூரிங் எண்ணினார். ஜெர்மானியரின் இன்னொரு பழக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார். தினமும் வானிலை அறிக்கை அனுப்புவார்கள். அதில் வானிலை என்ற சொல் கட்டாயம் இருக்கும். எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளிவராது என்பதும் தெரிந்த விஷயம். ஆகவே அந்தச் சொல் செய்தியில் எந்த இடத்தில் இருக்க முடியாது என்பதைக் கழித்துக்கொண்டே வரலாம். மிஞ்சிய இடத்தில் அந்தச் சொல்லைப் பொருத்தி, எந்த அமைப்பில் முரண்பாடு வருகிறதோ அதைத் தள்ள வேண்டும்.

தள்ளும் வேலையை மனிதன் செய்தால் ஆயுள் போதாது. எந்திரம் செய்யட்டும் என்று டூரிங் வரைபடம் போட்டார். பாம்ப் என்று பெயர். ஒரு டன் எடை. வரிசை வரிசையாகச் சுழலும் உருளைகள். 1940 மார்ச்சில் முதல் எந்திரம் வந்தது. கார்டன் வெல்ச்மன் என்ற இன்னொரு கணித மேதை சொன்ன திருத்தத்துடன் ஆகஸ்டில் வந்த எந்திரம் பல மடங்கு வேலை செய்தது. போர் முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்ட பாம்ப் எந்திரங்கள் இரவு பகலாகச் சுழன்றன. அவற்றை இயக்கியவர்களில் பெரும்பாலோர் கடற்படையில் சேர்ந்த இளம்பெண்கள்.

கடலில் நடந்த போர்

ஜெர்மன் கடற்படை மட்டும் வழிக்கு வரவில்லை.

காரணம், அங்கே மாலுமியின் விருப்பத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மூன்று எழுத்தை அச்சிட்ட புத்தகத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். அதையும் ஒரு ரகசிய அட்டவணையைப் பார்த்து மாற்றித்தான் அனுப்ப வேண்டும். காதலியின் பெயருக்கோ தலைவரின் பெயருக்கோ அங்கே வேலை இல்லை.

பிளெட்ச்லியில் பலர் இதைக் கைவிட்டார்கள். டூரிங் இதையே கையில் எடுத்தார். வேறு யாரும் தொடாததால் தனக்கே முழுவதும் கிடைக்கும் என்பது அவர் சொன்ன காரணம்! 1939 முடிவதற்குள் புத்தகமும் அட்டவணையும் வேலை செய்யும் முறையை யூகித்துவிட்டார். ஆனால் அட்டவணை கையில் இல்லாமல் மேலே போக முடியவில்லை.

பிரிட்டன் ஒரு தீவு. உணவும் எண்ணெயும் கப்பலில் வந்தாக வேண்டும். நடுக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் கூட்டமாகப் பதுங்கி நின்று, சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. 1941-ல் பிடிபட்ட கப்பல்களில் இருந்து அட்டவணைகளும் சாவிகளும் கிடைத்தன. டூரிங்கின் எட்டாம் எண் குடிசையில் செய்திகள் படிக்கப்பட்டன. நீர்மூழ்கிகள் எங்கே காத்திருக்கின்றன என்று தெரிந்ததும், சரக்குக் கப்பல்கள் வேறு பாதையில் திருப்பப்பட்டன.

ஆள் போதவில்லை என்று மேலிடத்தில் பலமுறை கேட்டும் பலன் இல்லை. 1941 அக்டோபரில் டூரிங்கும் மூன்று நண்பர்களும் நேரே பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதிவிட்டார்கள். அவர்கள் கேட்டதை எல்லாம் உடனே கொடுக்கும்படி சர்ச்சில் உத்தரவு போட்டார்.

1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிகளின் எனிக்மாவில் நான்காவது சக்கரம் சேர்ந்தது. மறுபடி இருட்டு. பத்து மாதம்! அந்த இருட்டு விலகியதற்கு இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். அக்டோபர் 30-ந்தேதி மத்தியதரைக் கடலில் சேதம் அடைந்து மூழ்கிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக்குள் பிரிட்டிஷ் மாலுமிகள் பாசனும் கிரேசியரும் இறங்கினார்கள். ரகசியப் புத்தகங்களை மேலே அனுப்பினார்கள். மீண்டும் உள்ளே போனவர்கள் கப்பலோடு மூழ்கிவிட்டார்கள். அந்தப் புத்தகங்கள்தான் டிசம்பரில் கதவைத் திறந்தன. அப்போது டூரிங் அமெரிக்காவில் இருந்தார்.

புதைத்த வெள்ளி

மேதைகளிடம் விசித்திரங்கள் உண்டு. டூரிங்கிடம் கொஞ்சம் அதிகம்.

ஜூன் மாதத்தில் பூந்தூள் காற்றில் பறந்தால் அவருக்குத் தும்மல் வரும். அதற்காக விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். அந்தச் சைக்கிளில் குறிப்பிட்ட சுற்றுக்கு ஒரு முறை சங்கிலி கழன்றுவிடும். அவர் சங்கிலியை மாற்றவில்லை. சுற்றை எண்ணிக்கொண்டே மிதித்து, கழலும் சமயத்தில் சமாளித்துக்கொள்வார்! தேநீர்க் கோப்பையை யாரும் எடுத்துப் போகாமல் இரும்புக் குழாயோடு சங்கிலி போட்டுப் பூட்டி வைத்தார். ஓட்டத்திலும் வல்லவர். 1947-ல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடினார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரைவிட 11 நிமிடம்தான் அதிகம்.

1940-ல் ஜெர்மானியர்கள் இங்கிலாந்தில் இறங்கிவிடுவார்கள் என்ற பீதி பரவியது. பாங்கியில் உள்ள பணம் போய்விடும் என்று பயந்த டூரிங், சுமார் 250 பவுன் பணத்துக்கு வெள்ளிக் கட்டிகள் வாங்கினார். குழந்தைகளைத் தள்ளும் பழைய வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், ஷென்லி என்ற கிராமத்துக் காட்டுப்பக்கத்தில் புதைத்தார். இடத்தைக் குறித்து வைத்தார். அதையும் சங்கேத எழுத்தில்!

போர் முடிந்தது. நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பலமுறை போய்த் தோண்டினார். உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியைச் செய்துகொண்டும் போனார். வெள்ளி கிடைக்கவே இல்லை. ஹிட்லரின் ரகசியத்தை உடைத்தவர், தான் ஒளித்ததைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பினார்.

உடன் வேலை செய்த ஜோன் கிளார்க் என்ற கணிதப் பட்டதாரிப் பெண்ணுக்கும் அவருக்கும் 1941-ல் திருமணம் நிச்சயம் ஆனது. தன் மனம் ஆண்களையே நாடுகிறது என்பதை டூரிங் அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னார். சில மாதம் கழித்து, திருமணம் சரிப்படாது என்று அவரே விலகிக்கொண்டார். நட்பு மட்டும் நீடித்தது.

இரைச்சலில் பிறந்த சாவி

1942 நவம்பரில் கப்பலில் அமெரிக்கா சென்ற டூரிங், நியூயார்க்கில் உள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு புதுமையைப் பார்த்தார். டெலிபோன் பேச்சை எதிரிக்குப் புரியாமல் மாற்றும் எந்திரம் அது. 50 டன்னுக்கும் மேல் எடை!

அதன் சாவியை எந்த மனிதனும் யோசித்து எழுதவில்லை. பாதரச ஆவி நிரப்பிய மின்குழாயில் தானாக எழும் இரைச்சல் இருக்கிறது அல்லவா? அதை எண்ணாக்கி, கிராமபோன் இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு தட்டு. ஒன்று பேசுகிறவரிடம், மற்றொன்று கேட்கிறவரிடம். இரண்டும் ஒரே கணத்தில் சுழன்றால்தான் பேச்சு புரியும். ஒரு முறை உபயோகித்த தட்டை மறு முறை தொடுவது இல்லை, உடைத்துப் போட்டுவிடுவார்கள். ஒரு தடவைக்கு மேல் செல்லாத கூப்பன் மாதிரி.

லண்டனில் இந்த எந்திரத்தை எங்கே வைத்தார்கள் தெரியுமா? செல்பிரிட்ஜஸ் என்ற புகழ்பெற்ற பெரிய கடைக் கட்டிடத்தின் அடித்தளத்தில்! மேலே வியாபாரம் நடந்தது. கீழே தளபதிகளின் பேச்சு போனது.

எந்திரத்தை ஆராய்ந்து திரும்பிய டூரிங், இதே வேலையைச் செய்யும் சிறிய கருவி ஒன்றை இங்கிலாந்தில் செய்து முடித்தார். அதற்குள் போர் முடிந்துவிட்டது.

16 இலக்கச் சவால்

1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அறை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

விதிப்படி நடக்கும் எந்திரம் அடுத்து என்ன செய்யும் என்று எளிதில் சொல்லிவிடலாம் என்பது அன்று பலருடைய எண்ணம். டூரிங் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சின்னக் கட்டளைப் பட்டியலை எழுதி கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். 16 இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால், அது இரண்டே விநாடியில் வேறொரு 16 இலக்க எண்ணைப் பதிலாகத் தரும். எத்தனை பதிலை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இதுவரை கொடுக்காத எண்ணுக்கு என்ன பதில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1950-ல் வெளியான தன் கட்டுரையில் இதைச் சவாலாகவே எழுதினார்.

எந்திரம் விதியை மீறவே இல்லை. ஆனாலும் விதி தெரியாதவனுக்கு அது பிடிபடாத புதிர். இன்று கடைகள் தள்ளுபடிக் கூப்பனுக்கு எழுதிவைக்கும் கட்டளைப் பட்டியலுக்கு முப்பாட்டன் என்று இதைச் சொன்னால் தவறு இல்லை.

அதோடு டூரிங் நிற்கவில்லை. 1951-ல் மான்செஸ்டருக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது. பெராண்டி கம்பெனி செய்தது. அதற்குள் மின் இரைச்சலில் இருந்து எண்ணை எடுத்துத் தரும் ஒரு கருவியும் வேண்டும் என்று டூரிங் பிடிவாதமாகக் கேட்டு வைக்கச் செய்தார். ஒரு கட்டளை போட்டால், சீட்டுக் குலுக்கியதுபோல் ஒரு எண் வரும். அடுத்து வருவது அதைச் செய்தவருக்கே தெரியாது. கிறிஸ்டோபர் ஸ்டிராச்சி என்பவர் 1952-ல் அந்த வசதியை வைத்து, சொற்களைக் குலுக்கிப் போட்டு, கம்ப்யூட்டரைக் காதல் கடிதம் எழுத வைத்தார். கடிதங்களைப் படித்துச் சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள்.

இன்றைய கடைக் கம்ப்யூட்டர் இந்த இரண்டு வழியையும் சேர்த்துப் பிடிக்கிறது. முதலில் கொஞ்சம் இரைச்சலை விதையாக எடுக்கிறது. தட்டுப்பலகை எந்தக் கணத்தில் அழுத்தப்பட்டது, உள்ளே மின்சாரம் எப்படித் துடித்தது என்பவற்றில் இருந்து அந்த விதை கிடைக்கிறது. பிறகு அதைச் சிக்கலான கணக்கில் போட்டு அரைத்து, எழுத்துக்களாகக் கக்குகிறது. அவசரக்காரர்கள் சிலர் கடிகார நேரத்தையே விதையாக வைத்துவிடுகிறார்கள். கூப்பன் எப்போது தயாரானது என்று தெரிந்த திருடனுக்கு அது போதும். ஹிட் என்றால் லர் என்ற கதைதான்.

ஆங்கில எழுத்து 26, எண் 10, ஆக 36. இதில் ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஐ என்ற எழுத்தும் ஒன்றும் அப்படியே. இந்த நாலையும் தள்ளினால் மிச்சம் 32. எட்டு இடத்தில் இந்த 32-ஐ மாற்றி மாற்றிப் போட்டால் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி விதம் கிடைக்கும். கடை 10 ஆயிரம் கூப்பன் கொடுத்திருந்தாலும், குருட்டாம்போக்கில் அடிப்பவனுக்கு 11 கோடி தடவைக்கு ஒன்றுதான் அகப்படும். புதிதாக வந்த எழுத்துக்கள் முன்பே யாருக்காவது கொடுத்தவையா என்று பட்டியலைப் பார்த்த பிறகே கம்ப்யூட்டர் வெளியே விடும்.

புகார் கொடுக்கப் போனவர்

1951-ல் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார் டூரிங். புலியின் கோடும் சூரியகாந்தி விதையின் சுழலும் எப்படி உண்டாகின்றன என்று கணக்குப் போடத் தொடங்கியிருந்தார்.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில், தனக்கும் ஓர் இளைஞனுக்கும் இருந்த உறவை ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி ஆணும் ஆணும் கூடுவது குற்றம். திருடனைப் பிடிக்கச் சொன்னவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்.

சிறை, அல்லது ஆசையை அடக்குவதற்கான மருந்து. இரண்டில் ஒன்று. டூரிங் மருந்தை ஏற்றார். ஒரு வருடம் அவருக்குப் பெண்களுக்கு உரிய சுரப்பு மருந்தைச் செலுத்தினார்கள். உடம்பு மாறியது. சர்க்காரின் சங்கேத வேலைக்கு இனி நம்பத்தகாதவர் என்று கதவையும் சாத்திவிட்டார்கள். போரில் அவர் செய்ததை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லியிருக்கலாமே? சொல்ல முடியாது. அது ராணுவ ரகசியம். நாட்டின் ரகசியத்தை அவர் காத்தார். அவருடைய அந்தரங்கத்தை நாடு சந்திக்கு இழுத்தது.

1954 ஜூன் 7-ந்தேதி டூரிங் இறந்தார். மறுநாள் காலையில் வேலைக்காரப் பெண் படுக்கையில் பார்த்தாள். சயனைடு விஷம். பக்கத்தில் பாதி கடித்த ஆப்பிள். அந்த ஆப்பிளில் விஷம் இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. தற்கொலை என்று விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். வீட்டில் ரசாயனச் சோதனை செய்யும் பழக்கம் அவருக்கு உண்டு. கை தவறி நேர்ந்த விபத்து என்றே தாய் சாரா நம்பினார். டூரிங்குக்கு அப்போது வயது 41.

மகனைப் பற்றி அந்தத் தாய் 1959-ல் ஒரு புத்தகம் எழுதினார். போரில் மகன் என்ன செய்தான் என்ற பக்கத்தை அவரால் எழுத முடியவில்லை. 1974-ல்தான் பிளெட்ச்லியின் ரகசியம் வெளியே வரத் தொடங்கியது. 1976-ல், 94-வது வயதில், போத்தனூரில் பிறந்த அந்த அம்மாள் கண்ணை மூடினார்.

அந்தச் சட்டம் 1967-ல் தளர்ந்தது. 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன், டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காக சர்க்காரின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசம்பரில் ராணி எலிசபெத்தின் பெயரால் அவருடைய தண்டனைக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

2021-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி, அவருடைய பிறந்த நாளில், இங்கிலாந்து பாங்கி புதிய 50 பவுன் நோட்டை வெளியிட்டது. நோட்டில் டூரிங்கின் முகம். பக்கத்தில் பாம்ப் எந்திரத்தின் வரைபடமும், 1936 கட்டுரையில் வந்த கணக்கு அட்டவணையும். நடுவே ஒரு காகித நாடாவின் படம். அதில் ஒன்றும் பூஜ்யமுமாக 25 இலக்கங்கள். பார்ப்பவர்களுக்கு அர்த்தம் இல்லாத எண்ணாகத் தெரியும். கம்ப்யூட்டரின் பாஷையில் எழுதிய அவருடைய பிறந்த தேதி அது.